அப்பிடியே பிடி

இன்று காலை உன் வீட்டு அன்ரனாக் கம்பத்தை இறக்கிவிட்டார்கள். வீட்டை வாங்கியவர் நல்ல மனிதர்தான், குறை சொல்லமாட்டேன். வேலியோரம் வந்து நின்று, "அன்ரி, கம்பம் உங்கடை பக்கம் சரிஞ்சாலும் சரியும், கோழிக்கூட்டை ஒருக்கா அங்காலை தள்ளி வையுங்கோ" என்று முன்கூட்டியே சொன்னார். "ஏன் தம்பி அதை இறக்கிறியள்? அது தன்ரை பாட்டிலை நிக்கட்டுமே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உது இனி ஆருக்கு அன்ரி? எல்லாம் இப்ப வயரிலை வருது. உது சும்மா நிக்குது."

சும்மா நிற்கிறதாம்! என் வாய் உனக்குத் தெரியும். ஆனாலும் போய்க் கோழிக்கூட்டைத்தான் இழுத்தேன். கயிறு கட்டிப் பக்குவமாகத்தான் இறக்கினார்கள். உச்சியில் இருந்த கம்பிகளில் பாதியைக் காணவில்லை, மிச்சத்தில் காகம் கூடு கட்டியிருந்தது. அடியில், கையால் பிடித்துத் திருப்புகிற இடத்தில், உன் கணவர் சுற்றிவிட்ட சைக்கிள் ரியூப் அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்த ரப்பரும் துருவும் சேர்ந்த மணம் கையில் ஏறிவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அந்தக் கையாலேதான் இதை எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் ஆட்கள் என்றால் ஆட்டைத் திவசம் என்று ஒரு பிடி சோறாவது படைத்திருப்போம். நீ வேதக்காரி, உனக்கு அதுவும் இல்லை. உன் சேர்ச்சில் உனக்காக ஜெபித்திருப்பார்கள். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. உன்னோடு கதைக்கத்தான் தெரியும்.

அரியாலையில் நம் ஒழுங்கைக்குள் முதல் ரிவி உங்கள் வீட்டில்தான் வந்தது. நீயும் உன் கணவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தீர்கள், ஊருக்கெல்லாம் ரீச்சரும் சேரும். நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், அடுத்த வளவில் தனிக்கட்டை. கடலுக்கு அங்கால் இந்தியாவிலிருந்து படம் வரும் என்று சேர் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டார். ரிவியில் படம் வரவைப்பது மூன்று பேருடைய வேலை. சேர் கம்பத்தடியில், நீ ரிவிக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவே கிணற்றடியில் நான். நீ "வருது" என்று கத்துவாய், நான் "வருது சேர்" என்று கத்துவேன், அவர் திருப்புவதை நிறுத்துவார். அதற்குள் படம் போயிருக்கும். "போச்சு!" என்பாய். "போச்சு சேர்!" என்பேன். திரையில் ஈ மொய்ப்பதுபோலப் புள்ளி புள்ளியாகப் பறந்தால் அதற்கு நாங்கள் இலையான் என்று பெயர் வைத்திருந்தோம்.

"இலையான் இன்னும் கிடக்கோ?" என்று கம்பத்தடியிலிருந்து சேர் கேட்பார்.

"ஆள் தெரியுது, முகம் தெரியேல்லை!"

அந்த அரைகுறைப் படத்தைப் பார்க்க ஒழுங்கைச் சனம் முழுக்க உன் விறாந்தையில் குந்தியிருக்கும். நேசன் அப்போது உன் வயிற்றில் இருந்தான். "பிள்ளை அன்ரனாவோடைதான் பிறக்கப்போகுது" என்று நான் பகிடி பண்ணுவேன்.

பிறகு கரண்ட் இல்லாத வருஷங்கள் வந்தன. கம்பத்துக்கும் மாமரத்துக்கும் நடுவே நீ உடுப்புக் கொடி கட்டினாய். ஊரோடு இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது உன் வீட்டுக் கூரையில் ஓடு இல்லை, கதவு இல்லை, கம்பம் மட்டும் நின்றது. சேர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஒரு நாள் அந்த மனிதர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் மாலைக்குள் முடிந்துபோனார். அதற்குப் பிறகு கம்பம் திருப்பும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு உயரமும் இல்லை, கையில் பலமும் இல்லை. உனக்கோ செய்தி பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

நேசனைப் பற்றி உனக்கே நான் சொல்லவேண்டுமா? இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. உன் வீட்டில் இடியப்பம் என்றால் என் குசினியில் வந்து, "மாமி, பாண் கிடக்கோ?" என்பான். என்னிடம் பாண் இருந்தால் அங்கே போய் இடியப்பம் கேட்பான். ஏதாவது யோசித்தால் இடது கையைப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டு நிற்பான். வன்னியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போனான். நல்ல வேலை என்று நாங்கள்தான் அனுப்பினோம். சண்டை மூண்டு வன்னிப் பாதையை மூடினார்கள். கொஞ்சக் காலம் எப்போதாவது ஒரு ரெலிபோன் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

சண்டை முடிந்துவிட்டது என்று சொன்ன நாட்களில் ஒரு மத்தியானம். செய்தியில் படம் சரியாக விழவில்லை. நான் கம்பத்தடியில் நின்று திருப்பிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அதற்கு முன்னும் நான் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை.

"பிடி! பிடியடி! அப்பிடியே பிடி!"

நான் பிடித்தேன். இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அந்த ரியூப்பில் அழுத்திக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் பிடித்தேன். நீ விடச் சொல்லவே இல்லை. கடைசியில் நானாகவே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தேன். திரையில் பால்மா விளம்பரம். நீ உள்ளங்கையைத் திரையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

"நேசனைக் கண்டனான்" என்றாய். "நிலத்திலை இருத்தி வைச்சிருக்கிறாங்கள். நீலப் பீப்பாவுக்குப் பக்கத்திலை. கழுத்திலை கை வைச்சுக்கொண்டு இருந்தவன்."

"மெய்யே? வடிவாக் கண்டனியோ?"

"இலையான்தான். எண்டாலும் என்ரை பிள்ளையை எனக்குத் தெரியாதோ?" பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் பிடிக்கேல்லை?" என்று கேட்டாய்.

"பிடிச்சனானடி. இவ்வளவு நேரமும் கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்."

நீ என்னைப் பார்த்தாய். நீ பிடிக்கச் சொன்னது கம்பத்தை அல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அடுத்த செய்தியில் அந்தக் காட்சி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வரும் வரும் என்று நான் கம்பத்தடியிலேயே கதிரை போட்டு இருந்தேன்.

பிறகு அலைந்த அலைச்சல்! காணாமல் போனவர்களைப் பதிகிற ஒவ்வோர் இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எங்கே கண்டீர்கள்? நீ கூசாமல் "ரிவியிலை" என்பாய். ஒருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, ரிவியிலை கண்டது கண்டதிலை சேராது" என்றார். அவர் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நீங்கள் ரிவியிலை காணுற ஜனாதிபதியும் இல்லாத ஆளோ?" என்று கேட்டுவிட்டேன். நீ என் கையைக் கிள்ளி வெளியே இழுத்துக்கொண்டு வந்தாய்.

ஆனால் வெயிலில் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்த மற்றத் தாய்மாருக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. குருநகரிலிருந்து வந்த ஒரு மனுசி, மீன்பிடிக்கிற குடும்பம், உன் பக்கத்தில் நெருங்கி வந்து கேட்டா.

"ரீச்சர், உங்கடை பிள்ளைக்குப் பக்கத்திலை சிவப்புச் சேட்டுப் போட்ட ஒருத்தன் இருந்தவனோ? மெலிஞ்ச பொடியன்?"

"நான் என்ரை பிள்ளையைத்தான் பாத்தனான்" என்றாய்.

"ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ ரீச்சர்."

நீ யோசித்தாய். வீட்டுக்கு வரும் பஸ்ஸில், "பக்கத்திலை ஆரெண்டு பாக்காமல் விட்டிட்டனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். அதற்குப் பிறகு அந்த மனுசி எங்கே உன்னைக் கண்டாலும், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போகமாட்டா. உனக்கும் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள்.

வருஷங்கள் போயின. நேசனைப் பற்றி யார் கேட்டாலும் நீ "கண்டனான்" என்பாய். அந்த ஒரு சொல்லில்தான் நீ எழும்பினாய், சமைத்தாய், சேர்ச்சுக்குப் போனாய். கண்டவள் நீ ஒருத்திதான். நான் வெறும் கம்பத்தைப் பிடித்தவள். ஆனாலும் என்னிடம் கேட்டவர்களுக்கு நானும் "கண்டது" என்றே சொன்னேன்.

கனடாவில் இருக்கும் உன் தம்பி, அக்கா வீட்டிலிருந்தே ஞாயிறு ஆராதனை பார்க்கட்டும் என்று இந்த இன்ரநெற் ரிவியை ஒழுங்குபண்ணினார். உனக்கு அது பிடிக்கவில்லை. வயர் இழுக்க வந்தவர் முற்றத்தில் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "இனி உது தேவையில்லை அம்மா" என்றார். "தேவையோ இல்லையோ, அதிலை கை வைக்காதையும்" என்று நீ ரீச்சர் குரலில் சொன்னாய். அவர் பயந்துவிட்டார். உள்ளே வந்து பெட்டியை ரிவியில் பொருத்தி, றிமோட்டை உன் கையில் தந்து, ஒவ்வொரு பட்டனாகச் சொன்னார். திரையில் செய்தி வாசிக்கிற பெண் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

"பழுதாப் போச்சோ?" என்று கேட்டாய்.

"இல்லை அம்மா, நான்தான் நிப்பாட்டினனான். விட்டாப் பேந்து கதைப்பா. பின்னுக்கும் போகலாம், பாருங்கோ."

பின்னுக்குப் போனது. அந்தப் பெண் சொன்னதையே திரும்பச் சொன்னாள். உன் முகம் வெளுத்துப்போனதை அவர் கவனிக்கவில்லை.

"எவ்வளவு தூரம் பின்னுக்குப் போகலாம்?"

"ரெண்டு மூண்டு நாள் போகலாம் அம்மா."

"அதுக்கு முந்தினது?"

"அது அழிஞ்சிடும்."

அவர் போன பிறகு நீ கட்டிலில் விழுந்து அழுதாய். "உது அப்ப இருந்திருந்தா. உந்தப் பட்டன் அப்ப இருந்திருந்தா." அடுத்த நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து செய்தியைப் போட்டாய். உன் விரல்கள் வாதத்தில் மடங்காது. அதனால் றிமோட் என்னிடம். நீ "பிடி" என்பாய், நான் நிப்பாட்டுவேன். நிறுத்துகிற பட்டனுக்கு நம் வீட்டில் பிடிக்கிற பட்டன் என்றே பெயர் ஆகிவிட்டது.

பஸ் ஸ்ராண்டில் சனம் நின்றால் பிடி. நீதிமன்ற வாசலில் சனம் நின்றால் பிடி. நல்லூர்த் தேரை நேரடியாகக் காட்டினார்கள். நான் கும்பிடலாம் என்று கையைத் தூக்க, நீ "பிடி, பிடி" என்கிறாய்.

"விசரி, தேர் பாக்கவோ இருக்கிறாய், ஆள் பாக்கவோ?"

"நீ தேரைப் பார். நான் சனத்தைப் பாக்கிறன்."

முருகன் பாவம், உன்னால் நடுவீதியில் எத்தனையோ முறை நின்று நின்று போனார். பக்கத்து வீட்டில் டிஷ் இருந்தது. கிரிக்கெட் என்றால் அங்கே ஆரவாரம் எழும்பிய பிறகுதான் நம் ரிவியில் பந்து போடுவார்கள். இன்ரநெற்றில் வருவது கொஞ்சம் பிந்தித்தான் வருமாம். நான் எரிச்சல்பட்டேன். நீ, "பிந்தினாலும் வருகுதெல்லோ" என்றாய். உனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த மே மாதத்துப் பின்நேரத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட முடியாது. வெளிநாட்டில் இருந்து ஒளிபரப்புகிற ஒரு தமிழ்ச் சனல். அந்த நாட்களின் பழைய காட்சிகளைப் போட்டார்கள். மாற்றப் போனேன். "விடு" என்றாய். சனம் நிலத்தில் வரிசை வரிசையாக இருந்தது. கமெரா மெதுவாக நகர்ந்தது. நீலப் பீப்பா ஒன்று வந்தது.

"பிடி!"

நான் பட்டனைத் தேடி அமத்துவதற்குள் தாண்டிவிட்டது. ஆனால் இந்த முறை பின்னுக்குப் போகலாம். போனேன். பீப்பா வந்தது. பீப்பாவுக்குப் பக்கத்தில், இடது கையைப் பின்கழுத்தில் வைத்தபடி ஒரு பிள்ளை. பிடித்துவிட்டேன். படம் அசையாமல் நின்றது.

ஓர் இலையான் இல்லை. நெற்றியில் வியர்வை தெரிந்தது. சேட்டில் பொத்தான் இல்லாத ஓட்டை தெரிந்தது. நீ கதிரையை விட்டு எழும்பி ரிவிக்குக் கிட்டப் போனாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாய். நான், "நேசன்தானே? நேசன்தானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இது நேசன் இல்லை."

"என்னடி விசர்க் கதை கதைக்கிறாய்? வடிவாப் பார். சாப்பாடில்லாமல் மெலிஞ்சிட்டான். வெயிலிலை கறுத்திட்டான்."

"காதுச் சோணையைப் பார். நேசனுக்குத் தேப்பனை மாதிரிக் கன்னத்தோடை ஒட்டினது. இவனுக்குத் தொங்குது."

"சோணை வளராதோ? வயசு போனா வளரும்!" என்று கத்தினேன். நான் சொன்னது எனக்கே கேட்டது. நீ திரும்பி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் முதலில் அழுதேன்.

நீ அழவில்லை. "மற்ற ஆக்களையும் பிடி" என்றாய். ஒவ்வொரு முகமாக நிறுத்தினேன். ஒரு கிழவர், குழந்தையோடு ஒரு தாய், காலில் துணி சுற்றிய ஒருவர். சிவப்புச் சேட்டு எங்கேயும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் குருநகர் மனுசிக்குச் சொல்ல வழியில்லை, அவவின் செத்தவீட்டுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் போய் வந்தோம். நீ திரும்பவும் அந்தப் பிள்ளையிடம் போகச் சொன்னாய். போனேன். அவனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருட்டும் வரை அவனையே பார்த்தாய்.

"இது வேறை ஆற்றையோ பிள்ளை" என்றாய். "இவ்வளவு வருஷமும் ஆற்றையோ பிள்ளையை நினைச்சுச் சந்தோசப்பட்டிருக்கிறன். இவன்ரை தாய் எங்கை இருந்து தேடுறாளோ."

பிறகு, "விடு, ஓடட்டும்" என்றாய். விட்டேன். அவன் கழுத்திலிருந்து கையை எடுப்பதற்குள் படம் மாறிவிட்டது.

அதன் பிறகு நீ செய்தி பார்க்கவில்லை. ஆராதனையை மட்டும் போடச் சொல்வாய், அதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். சேர்ச்சிலிருந்து வந்த ஒருவர் வழக்கம்போல, "ரீச்சர், மகனைப் பற்றி ஏதும்?" என்று கேட்டார். "இல்லை" என்றாய். கண்டனான் என்ற சொல் உன் வாயில் அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்தச் சொல் போன பிறகு உன்னைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்கவில்லை. சாப்பாடு குறைந்தது, நடை குறைந்தது. டொக்ரர் வயது என்றார். எனக்கும் அதே வயதுதான்.

உன் செத்தவீட்டையும் நேரடியாகக் காட்டினார்கள், கனடாவில் தம்பி பார்க்கவேண்டுமே. கமெராக்காரர் ஒருவர் விறாந்தையில் இருந்த சனத்தை முகம் முகமாக எடுத்துக்கொண்டு போனார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். நீ வீதி வீதியாகக் கொண்டு திரிந்த நேசனின் படத்தை உன் கைக்குள் வைத்து அனுப்புவோமா என்று கேட்டார்கள். வேறு யாருக்கு அது வேண்டும்? வையுங்கள் என்றேன். எரிக்கிற வழக்கம் இல்லை உங்களுக்கு, புதைத்தார்கள். மிச்சப் படங்கள் எல்லாம் இடம்பெயர்வோடு போனவை, பிறகு எடுத்தது அந்த ஒன்றுதான். உன் ரிவியும் பெட்டியும் இப்போது என் வீட்டில். அதை நான் போடுவது குறைவு.

இன்று முழுக்க நேசனை நினைத்துப் பார்க்க முயன்றேன். குரல் வருகிறது. பாண் கேட்டுக் குசினி வாசலில் நிற்கிற நிற்பு வருகிறது. கழுத்தில் வைத்த கை வருகிறது. முகத்துக்கு வந்தால் அங்கே இருப்பது அந்தப் பிள்ளை. நெற்றி வியர்வையோடு, பொத்தான் இல்லாத சேட்டோடு, தொங்குகிற காதுச் சோணையோடு அவன்தான் இருக்கிறான். நீ அன்று அவ்வளவு நேரம் அவனை நிறுத்தி வைத்திருந்தாய், நானும் உன்னோடு இருந்து பார்த்தேன். இருபது வருஷம் என் கையால் சாப்பிட்ட பிள்ளையின் முகத்தை அந்த ஒரு பின்நேரம் அழித்துவிட்டது. உன்னிடம் கேட்கலாம் என்றால் நீ இல்லை. அவனை அடையாளம் சொல்ல இந்த ஒழுங்கையில் இனி இருப்பவள் நான் மட்டும்தான்.

எடியே, நாளைக்கு நேசனே படலையைத் திறந்துகொண்டு வந்து முற்றத்தில் நின்றாலும், "ஆர் தம்பி நீங்கள்?" என்றுதான் நான் கேட்பேன்.